சோறு கொதிக்கிற சத்தம்

பிள்ளைகள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டு என் காது காய்த்துப்போயிருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்கு அத்தை வீட்டில் விசேஷம். பொய் சொல்கிறவர்கள் எப்போதும் நம்பும்படிதான் சொல்வார்கள். நம்ப முடியாததைச் சொல்லி மாட்டிக்கொள்ள எவளுக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் வாட்ச்மேன் சுயம்புலிங்கம் சொன்ன கதையை முதல் தடவை கேட்டபோதே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததென்னவோ சிரிப்புத்தான்.

எண்பத்தேழாம் வருஷம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு ராஜபாளையத்தில், தினமும் பஸ்ஸில் போய்த் திரும்ப வேண்டும். என் வீட்டுக்காரர் மைக்கேல் ஒரு நூல் மில்லில் பஞ்சு குடோனுக்குப் பொறுப்பு. குடோன் சாவி அவர் இடுப்பிலேயே தொங்கும். குளிக்கப் போகும்போதுகூட அதைக் கழற்ற அவருக்கு மனசு வராது. கட்டிய பெண்டாட்டிக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை என்று நான் சொல்வதுண்டு.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அந்த குடோனில் தீப்பிடித்தது. மில்லுக்கு லீவு, விடிந்ததிலிருந்து மழை. தீயணைப்பு வண்டி வந்து அணைப்பதற்குள் பாதிப் பஞ்சு கரியாகிவிட்டது. நல்லவேளையாக ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு மில் காம்பவுண்டுக்குள் இருந்த ஒரே ஆள் சுயம்புலிங்கம். மழைக்கு ஒதுங்கி அவர் நின்றது குடோன் தாழ்வாரத்தில். அங்கே தலைக்கு மேலே கம்பி ஜன்னல் திறந்து கிடக்கும். அவர் காதில் எந்நேரமும் ஒரு பீடி செருகியிருக்கும். பழி சுமத்த வேறென்ன வேண்டும்?

திங்கட்கிழமை விசாரணை நடந்தது. சாயங்காலம் மைக்கேல் வந்து சோற்றில் கை வைத்தபடியே கதையைச் சொன்னார்.

"கூசாம சொல்லுதான் கனி. நான் பீடியே பத்த வைக்கல, உள்ளேருந்து சோறு கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டுச்சுங்கான். ஜன்னல் வழியா வெள்ளையா ஆவி வந்துச்சாம், புகை பொறவுதான் வந்துச்சாம்."

"சோறா?"

"மேனேஜர் சேதுபதி விடுவாரா? குடோனுக்குள்ள எவம்ல சோறு பொங்குனான், குழம்பும் வச்சானான்னு கேட்டுட்டாரு. ஆபீஸே சிரிச்சுது. சனிக்கிழம முதலாளி வாராரு. இவன வேலைய விட்டு நிப்பாட்டி, போலீஸ்லயும் ஒப்படைக்கப் போறாங்க."

நானும் சிரித்தேன். ஆனால் மைக்கேல் சிரிக்கவில்லை. அந்த குடோனை அவர் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். ஒருத்தன் பீடித் துண்டை வீசிக் கொளுத்திவிட்டு சோற்றுக் கதை சொல்கிறானே என்று அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சுயம்புலிங்கத்தின் மனைவி வேலுத்தாய் எங்கள் தெருவில் இருந்த பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டும் வேலைக்கு வருவாள். மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்த என்னை அவளே நிறுத்தினாள்.

"டீச்சர், உங்க வீட்டு அண்ணாச்சிகிட்ட செத்த சொல்லுங்க. போலீசு வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க. வேலைய விட்டு நிப்பாட்டுனா நிப்பாட்டிட்டுப் போறாங்க."

"அவரு பீடி குடிக்கவே இல்லன்னு சொல்றாராமே."

"அந்த மனுசன் பீடி இல்லாம அரை நாழி இருப்பாரா டீச்சர்? எனக்குத் தெரியாதா? செஞ்சத ஒத்துக்கிட்டு கால்ல விழுங்கன்னு நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். வீட்லயும் அதே சோத்துக் கதையத்தான் சொல்லுதாரு. ரெண்டு நாளா அவருகூட நான் பேசல."

அவள் அழவில்லை. அவமானத்தில் முகம் கருத்துப்போயிருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன்.

புதன்கிழமை வகுப்பில் என்தால்பி மாற்றம். வினை நடக்கும்போது வெப்பம் வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா என்கிற பாடம். மைனஸ் குறியைக் கண்டால் பிள்ளைகள் மிரளும். வெப்பம் வெளியே போனதால்தான் மைனஸ், அது எங்கேயும் தொலைந்துபோகவில்லை, பக்கத்தில் இருக்கிற பொருளைச் சூடாக்கியிருக்கும் என்று சொல்லிவிட்டு, உதாரணத்துக்குச் சுட்ட சுண்ணாம்பை எடுத்தேன். கால்சியத்தின் அணு நிறை நாற்பது, ஆக்சிஜனுக்குப் பதினாறு. ஆக ஐம்பத்தாறு கிராம் சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்ந்தால் அறுபத்தைந்து கிலோ ஜூல் வெப்பம் வெளியே வரும்.

மடவார் வளாகத்திலிருந்து வரும் மாடத்தி எழுந்தாள். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு படி மேலே கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"அம்பத்தாறு கிராம யாரு டீச்சர் வாங்குவா? ஒரு மூட்டைக்கு எம்புட்டு வரும்?"

"கணக்கு லேசா வரட்டும். இருபத்தெட்டு கிலோன்னு வச்சுக்கோ."

சாக்பீஸை எடுத்துப் போட்டேன். இருபத்தெட்டாயிரம் கிராமை ஐம்பத்தாறால் வகுத்தால் ஐந்நூறு மோல். ஐந்நூறை அறுபத்தைந்தால் பெருக்கினால் முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ ஜூல். இதைக் கொண்டு நூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கலாம் என்றேன்.

"கல்யாண வீட்டு அண்டாவே கொதிச்சிரும்போல. அடுப்பே இல்லாம சோறு பொங்கிரலாம் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. எனக்குக் கை போர்டிலேயே நின்றுவிட்டது.

கிறிஸ்தவர்களான எங்களுக்கு நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி வைப்போம். மைக்கேலுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. சொந்தக்காரர் கல்லறை ஒரு வரிசைக்கும் சேர்த்து அவரே சுண்ணாம்பு வாங்குவார். வரிசையில் முதலில் இருப்பது என் மாமியார் அன்னத்தாய். உயிரோடு இருந்தவரைக்கும் நான் போட்ட காபியில் ஒரு குறை சொல்லாமல் குடித்ததில்லை. வெள்ளையடித்த பிறகும் குறை சொல்வாளோ என்று வருஷா வருஷம் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். அந்த வருஷமும் தீபாவளிக்கு முன்பே ஆலங்குளம் பக்கத்துச் சூளையிலிருந்து புதுச் சுண்ணாம்பு ஒரு மூட்டை வாங்கி வந்திருந்தார். வீட்டில் இறக்க நான் விடவில்லை. சின்னவன் எதையும் நோண்டுகிற வயது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். எங்கேயாவது நனையாத இடமாகப் பார்த்து வையுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

ராஜபாளையத்தில் பஞ்சு குடோனைவிட நனையாத இடம் எது?

சாயங்காலம் மைக்கேல் சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"சுண்ணாம்பு மூட்டைய எங்க வச்சீங்க?"

"குடோன்லதான், வடக்கு மூலையில. அதுவுந்தான் போச்சு. அம்மா கல்லறைக்கு வேற வாங்கணும்."

"அந்த மூலை ஒழுகுமா?"

"குரங்கு குதிச்சு ஒரு கூரை ஷீட்டு சன்னமா விரிசல் விட்டிருந்துச்சு. பஞ்சுப் பொதிய எல்லாம் தள்ளி வச்சுட்டேன். எண்ணெ துடைச்ச கழிவுப் பஞ்சுதான் அங்க கெடந்துச்சு. எதுக்குக் கேக்க?"

சொன்னேன். அணு நிறையிலிருந்து ஆரம்பித்து, போர்டில் போட்ட கணக்கை ஒன்று விடாமல் சொன்னேன். மூட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சொட்டினால் முதலில் கொதிக்கிற சத்தம் வரும், அப்புறம் ஆவி வரும். சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும். பக்கத்தில் எண்ணெய்ப் பஞ்சு இருந்தால் புகைந்து பற்றும். சுயம்புலிங்கம் அதே வரிசையில்தான் சொல்லியிருக்கிறார். படிக்காத மனுஷன் இந்த வரிசையைக் கற்பனை செய்திருக்க முடியாது.

மைக்கேல் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"குடோன்ல பஞ்சத் தவிர துரும்பு வைக்கக்கூடாதுங்கிறது முதலாளி போட்ட சட்டம். இது தெரிஞ்சா நாளைக்கே சாவிய வாங்கிட்டு அனுப்பிருவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லுத? ஏட்டி, உங்கணக்கு புஸ்தகத்துல சரியா இருக்கும். அவன் பீடி குடிச்சது கண்ணால பாத்த விஷயம்."

"அன்னைக்கு யாரு பாத்தா?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சனிக்கிழமை இரண்டு பேரில் ஒருத்தர் வேலை போகப்போகிறது. ஒன்று சுயம்புலிங்கம், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர். சுயம்புலிங்கத்துக்கு வேலையோடு போகாது, கையில் விலங்கும் ஏறும். கணக்குப் போட்ட கையை ஒடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை அவரே கடையில் ஒரு பொட்டலம் சுண்ணாம்பு வாங்கிவந்து முற்றத்தில் வைத்தார். "செஞ்சு காட்டு" என்றார். தகரத் தட்டில் கொட்டித் தண்ணீர் தெளித்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. விரலை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. நாலு நாளாக இறுகியிருந்த முகம் அப்போதுதான் விரிந்தது.

"பாத்தியா? இதுலயா நூறு லிட்டர் கொதிக்கும்?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு வாய் நிற்காது, அது ஊரறிந்த விஷயம்.

"இது தூளா இருக்கு. மாசக்கணக்கா கடையில காத்துப் பட்டுக் கெடந்து செத்துப்போன சுண்ணாம்பு. நீங்க வாங்குனது சூளையிலேருந்து வந்த கட்டி."

"சோதன தோத்ததும் கணக்க மாத்துத பாரு. உனக்கு என் வேலை போனாத்தான் திருப்தி."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. சாப்பிடாமல் படுத்துவிட்டேன். ஒருவேளை நான் சொன்னதுதான் தப்போ, அது பீடியாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூட மனசு கெஞ்சியது.

வெள்ளிக்கிழமை மைக்கேல் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வலது கையில் இரண்டு விரல்களில் தோல் வெந்து சிவந்திருந்தது. எண்ணெய் எடுத்துக்கொண்டு ஓடினேன். பையைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளைக் கட்டிகள். சூளைக்கே போயிருக்கிறார்.

"கேட்டேன்" என்றார்.

"என்னத்தக் கேட்டீங்க?"

"சத்தத்த. ஒரு சட்டியில போட்டு அங்கயே தண்ணி ஊத்திப் பாத்தேன். அவன் சொன்ன மாதிரியேதான் இருக்கு கனி. அப்படியே சோறு கொதிக்குது."

விரலுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். இந்த மனுஷனைப் பெற்றுக் கொடுத்ததற்காக முதல் தடவையாக அன்னத்தாய்க்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

சனிக்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு மில்லுக்குப் போனேன். முதலாளி, சேதுபதி, இரண்டு மேஸ்திரிகள். ஓரமாக, தலையைக் குனிந்தபடி சுயம்புலிங்கம். மைக்கேல் ஒரு தகரத்தில் கழிவுப் பஞ்சைப் பரப்பி, அதன்மேல் சாக்குத் துண்டில் சுற்றிய சுண்ணாம்புக் கட்டிகளை வைத்தார். ஓட்டை போட்ட டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சேதுபதி மணி பார்த்தார். "மைக்கேல், என்ன வித்த காட்டுறீரு?" என்றார். கட்டி சூடேறத் தாமதமாகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, அந்தத் தாமதத்தை உட்கார்ந்து தாங்க வேண்டுமே.

பிறகு சாக்குக்குள் மெதுவாகச் சலசலவென்று ஆரம்பித்தது. கட்டி வெடித்து விரிந்தது. சத்தம் கூடிக்கொண்டே போய், மூடி போட்ட பானைக்குள் அரிசி புரள்வதுபோலத் தளதளத்தது. வெள்ளையாக ஆவி எழுந்தது.

அதுவரை நிமிராத சுயம்புலிங்கம் தலையைத் தூக்கினார்.

"இந்தச் சத்தந்தான் சார்" என்றார். "இதேதான்."

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்த பஞ்சு பழுப்பேறி, கருகி, புகைய ஆரம்பித்தது. தீ எரியவில்லையே என்று சேதுபதி இழுத்தார். இது இரண்டு கிலோ, அது ஒரு மூட்டை, சூடு எத்தனை மடங்கு என்று போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று முதலாளியே கையைக் காட்டிவிட்டார்.

"யாரு மூட்டை அது?" என்றார்.

"என்னுது" என்றார் மைக்கேல். "கல்லறைக்கு வெள்ளையடிக்க வாங்குனது. குடோன்ல நான்தான் வச்சேன். எரிச்சது இவரில்ல, நான்தான்."

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். வெந்த விரலால் முடிச்சு அவிழ நேரமாயிற்று. யாரும் கேட்பதற்கு முன்பே மேசைமேல் வைத்துவிட்டார். முதலாளி அதை எடுத்துக்கொண்டார். வேணுமென்று செய்ததில்லை என்று தெரிந்ததால் போலீஸ் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். சுயம்புலிங்கத்தைப் பார்த்து, "திங்கக்கிழமைலேருந்து டூட்டிக்கு வா" என்றார்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. அடுத்த மாதம் வீடு எப்படி நடக்கும் என்ற யோசனைகூட இல்லை. சாவி இல்லாத வெறும் இடுப்போடு நடந்த மைக்கேலைப் பார்க்கச் சகிக்கவில்லை. பின்னாலேயே சுயம்புலிங்கம் ஓடிவந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, அந்தச் சுண்ணாம்பு மிச்சம் இருக்கா?"

"ரெண்டு கட்டி இருக்கு. எதுக்கு?"

"வீட்டுக்கு வந்து ஒரு தடவ காட்டிருவியளா? நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

போனோம். ஒற்றை அறை வீடு. வேலுத்தாய் எங்களைப் பார்த்ததும் போலீஸ் விஷயம் என்று பயந்து சுவரோடு ஒட்டி நின்றாள். நான் அவளை அடுப்படியிலிருந்து ஒரு மண்சட்டி எடுத்துத் தரச் சொன்னேன். மைக்கேல் கட்டிகளைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். தட்டு ஒன்றைப் போட்டு மூடினேன். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே, தள்ளி நின்றே கேள் என்றேன்.

காத்திருந்தோம். சட்டிக்குள் தளதளவென்று கேட்டது. தட்டு ஆடியது.

வேலுத்தாய் அடுப்பைப் பார்த்தாள். அது அணைந்து கிடந்தது. சட்டியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"சோறு கொதிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். "அப்ப நீங்க சொன்னது நெசந்தானா?"

சுயம்புலிங்கம் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு காதில் செருகியிருந்த பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.